காய்ச்சல் விட்டது, தெம்பு வரவில்லை, சுகரும் இறங்கவில்லை

வாசகி ஒருவரின் கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 52, ஆசிரியை. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், இரவில் இன்னொரு மெட்ஃபார்மினும் போடுகிறார். ஐந்து வாரங்களுக்கு முன் கடுமையான வைரஸ் காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். இருமலும் இழுப்பும் இருந்ததால் ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். இப்போது காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. ஆனால் குளித்துவிட்டு வந்தாலே கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கிறது, ஒரு மாடி ஏறுவதற்குள் நடுவில் நின்றுவிட வேண்டியிருக்கிறது என்கிறார்.

காய்ச்சலுக்கு முன் வெறும் வயிற்றில் 120-ஐ ஒட்டி இருந்த சுகர் இப்போது 160, 170 என்று காட்டுகிறது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.1-லிருந்து 8.0 ஆகிவிட்டது. பயந்துபோய்ச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பொறுக்கவில்லை. இரவு படுக்கும் முன் பாலில் சத்துபானப் பொடியும் தேனும் கலந்து கொடுக்கிறார்கள். போன வாரம் ஒரு நாள் முற்பகலில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. பார்த்தால் 64. மகள் பதறிப்போய்ப் பெரிய தம்ளர் நிறையப் பழச்சாறு, அதில் இரண்டு கரண்டி குளுக்கோஸ் போட்டுக் கொடுக்க, இரண்டு மணி நேரம் கழித்து 270. இடையில் ஒரு நாள், நடந்தால் சரியாகிவிடும் என்று முக்கால் மணி நேரம் வேகமாக நடந்திருக்கிறார். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை.

"என் சுகர் நிரந்தரமாகக் கெட்டுப்போய்விட்டதா, இனி இன்சுலின்தானா? தெம்புக்குச் சாப்பிட்டால் சுகர் ஏறுகிறது, சுகருக்குப் பயந்தால் தெம்பு போகிறது. எதைத்தான் செய்வது? பள்ளிக்கு எப்போது போகலாம்?" இவை அவருடைய கேள்விகள். சத்து மாத்திரை போடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

இனி உங்களிடம் நேராகவே பேசுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று முடிவு கட்ட எதுவும் இல்லை. கடுமையான தொற்று வரும்போது உடம்பு கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவை கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகின்றன, இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகின்றன. காய்ச்சல் நாட்களில் ஒன்றுமே சாப்பிடாதவருக்குக்கூட 250 காட்டுவது இதனால்தான். உங்களுக்கு அதன் மேல் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது. ஐந்து நாள் போட்ட ஸ்டீராய்டின் பாதிப்பு நிறுத்திய சில நாட்களில் அடங்கிவிடும். தொற்று உண்டாக்கிய மந்தம் முழுதாக விலக இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

எச்பிஏ1சி 8.0 என்ற எண்ணைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருக்கிறீர்கள். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. மூன்று மாதச் சராசரி என்று சொன்னாலும் எல்லா நாட்களுக்கும் அதில் சம பங்கு கிடையாது. கிட்டத்தட்டப் பாதி, கடைசி ஒரு மாதத்தின் கணக்கு. உங்களுக்கு அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். 7.1 என்றால் சராசரி சுகர் 157, 8.0 என்றால் 183. காய்ச்சலும் ஸ்டீராய்டும் படுக்கையும் சேர்ந்தால் இந்த ஏற்றம் வரத்தான் செய்யும். உடம்பு தேறிய பிறகு மூன்று மாதம் விட்டு எடுக்கும் பரிசோதனைதான் உங்கள் உண்மையான நிலையைச் சொல்லும்.

அதற்காக இப்போதைய 160-ஐ அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவது, நாக்கு வறட்சி, காலையில் எழும்போதே அசதி, எல்லாம் அதிலிருந்தே வரலாம். வைரஸ் விட்டுப்போன சோர்வு எவ்வளவு, ஏறிய சுகர் உண்டாக்கும் சோர்வு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும்.

முற்பகல் நடுக்கம் எப்படி வந்தது

உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டிய எண் 270 இல்லை, 64. 70-க்குக் கீழே போனால் அது லோ சுகர். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு இது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. முன்பு சாப்பிட்ட காலை உணவுக்குக் கணக்கிட்டு எழுதிய அளவு. நீங்கள் உணவைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை முழுதாகப் போட்டிருக்கிறீர்கள். முற்பகலில் சுகர் விழாமல் என்ன செய்யும்?

அப்புறம் அந்த 270. மகளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் பதறத்தான் செய்வார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். லோ சுகருக்குத் தேவை 15 கிராம் சர்க்கரை. 300 மில்லி பழச்சாற்றிலேயே சுமார் 30 கிராம் இருக்கும், அதன் மேல் குளுக்கோஸ் பொடி வேறு. உடம்பும் தன் பங்குக்குக் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கியிருக்கும். ஆக 64-லிருந்து 270-க்குப் போனதற்கு, மாத்திரைக்கு ஏற்ற உணவு இல்லாததும் பிறகு தேவைக்கு மேல் இனிப்பு போனதும்தான் காரணம். கட்டுப்பாடு கைவிட்டுப் போனதாக நான் இதைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை நடுக்கம் வந்தால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் லோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சிறு கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை தம்ளர் பழச்சாறோ குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் இன்னொரு முறை. ஏறிவிட்டால், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கும்போது ஏதாவது சிறிதாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அந்தப் பதினைந்து நிமிடம் கை சும்மா இருக்காது, இன்னும் கொஞ்சம் குடிக்கச் சொல்லும். அங்கேதான் பொறுமை வேண்டும். சுயநினைவு குறைந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இதை மகளிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. சில வாரமாக 200-க்கு மேலேயே இருந்து பழகிய உடம்புக்கு, 110-க்கு இறங்கினாலும் லோ மாதிரியே படபடக்கும். அளந்து பார்க்காமல் இனிப்பை எடுத்தால் சுகர் இறங்கவே இறங்காது.

கிளிமிபிரைடு அளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள், அடுத்த மாத முறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடுமையான காய்ச்சலில் சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருந்தால் இந்த மாத்திரையின் வேகம் உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்வார். அதுவரை காலை உணவைக் குறைக்காதீர்கள். ஒரு வேளை சாப்பிட முடியாது என்று தெரிந்தால் அந்த வேளைக்குக் கிளிமிபிரைடு போடக் கூடாது.

இரவுப் பால்

காலை சுகர் இறங்காததற்குப் பாதிக் காரணம் உங்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். சத்துபானப் பொடி டப்பாவைத் திருப்பி, 100 கிராமுக்கு மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். பல பொடிகளில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கம் மால்டோடெக்ஸ்டிரின் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் குளுக்கோஸுக்குச் சளைக்காமல் சுகரை ஏற்றும். தேன் இயற்கையானது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதும் உண்மை. பாலை வெறும் பாலாகக் குடியுங்கள், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக. ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டுக் காலை எண்ணைப் பாருங்கள். பழம் உரித்த கையோடு குத்திப் பார்த்தால் பொய்யாக அதிகம் காட்டும், கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

தெம்பு எதிலிருந்து வரும்

இனிப்பு சாப்பிட்டால் தெம்பு வரும் என்பது பலருக்கும் ஊறிப்போன நம்பிக்கை. உங்கள் ரத்தத்தில் சர்க்கரைக்குப் பஞ்சம் இல்லை, இருப்பதை எடுத்துச் செலவழிக்கும் தசைதான் குறைந்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைகள்தான். காய்ச்சலோடு ஒரு வாரம் படுத்தால் அவை வேகமாகக் கரைகின்றன, 50 வயதுக்கு மேல் இன்னும் வேகமாக. போதாததற்கு நீங்கள் சாப்பாட்டையும் பாதியாக்கியிருக்கிறீர்கள். உணவு போதாதபோது உடம்பு தசையை உடைத்து, கல்லீரலில் அதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். பட்டினி கிடந்தும் காலை சுகர் இறங்காமல் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆகவே அரை வயிற்றுச் சாப்பாட்டை இன்றே விட்டுவிடுங்கள். மாவுச்சத்தை அளவாக வைத்து, தட்டில் கால் பங்குக்குக் குறையாமல் புரதம், பாதிக்குக் காய்கறி. புரதம் எவ்வளவு என்று கேட்பீர்கள். நோயிலிருந்து தேறி வரும் உங்கள் வயதுக்காரருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் என்று கணக்கு. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 அல்லது 7, வேகவைத்த பருப்பு, பயறு 100 கிராமில் 8 அல்லது 9, அதே எடை மீனிலோ கோழி இறைச்சியிலோ 20-க்கு மேல். முழுவதையும் ஒரு வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். முக்கியமாகக் காலையில். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. கிரியேட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

பழத்தைச் சாறாகப் பிழியாமல் முழுதாகச் சாப்பிடுங்கள். சத்து மாத்திரைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குறைபாடு இருந்தால் உதவும், இல்லாவிட்டால் காசுக்குத்தான் கேடு.

நடப்பது எப்படி

முக்கால் மணி நேர நடையில் தப்பு எண்ணத்தில் இல்லை, அளவில்தான். ஒரு நாள் வேகமாகச் செய்துவிட்டு மறுநாளும் அதற்கடுத்த நாளும் விழுந்து கிடப்பது, வைரஸுக்குப் பிந்தைய சோர்வில் கவனமாகப் பார்க்க வேண்டிய குறி. உழைத்த உடனே தெரியாமல், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும். அதனால் நடந்து முடித்தபோது எப்படி இருந்தது என்பதை வைத்து எடை போடாதீர்கள். மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் தொடங்குங்கள். சாப்பிட்ட பின் ஏறும் சுகரைக் குறைக்க இந்தப் பத்து நிமிடமே கைகொடுக்கும். பத்து நிமிடமும் முடியாவிட்டால் ஐந்து. கூடவே, கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரு தடவைக்கு ஐந்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தொடைத் தசைக்கு இதைவிடச் சுலபமான பயிற்சி எனக்குத் தெரியாது. மூன்று நான்கு நாள் மறுநாள் சோர்வு இல்லாமல் போனால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் அடித்துப் போட்டது போல் இருந்தால் பாதியாகக் குறையுங்கள். நல்லா இருக்கிற நாளில் விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று துணி, பாத்திரம், பரண் என்று இறங்குவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்.

எவ்வளவு குறைத்தாலும் ஒவ்வொரு முறையும் இப்படி விழுந்தால், மெல்ல மெல்லக் கூட்டும் இந்த வழி உங்களுக்கு ஏற்றதில்லை என்று அர்த்தம். நாள்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியைப் பரிந்துரைப்பதை பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பே 2021-ல் கைவிட்டுவிட்டது. உங்களுக்கு அந்த நோய் என்று நான் சொல்லவே இல்லை, ஐந்து வாரத்தில் அப்படிப் பெயர் வைக்கவும் கூடாது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதத்திலோ சரியாகிவிடுகிறது. மூன்று மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் அதற்கென்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கிளிமிபிரைடு போடுவதால், வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். நடக்கும் முன் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடங்கள்.

எல்லாவற்றையும் வைரஸ் மேல் போடலாமா

கூடாது. படி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது கால் ஓய்வதாலா, மூச்சு வாங்குவதாலா? மூச்சு என்றால் முதலில் ஒரு ஈசிஜி எடுங்கள், தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேனும். வைரஸ் சில சமயம் இதயத் தசையைத் தொடும். அதோடு, சர்க்கரை நோயாளிக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு நெஞ்சுவலி இல்லாமல், வெறும் சோர்வாகவும் மூச்சுவாங்கலாகவும் வருவது உண்டு. இதைப் பார்த்து முடிக்கும்வரை நடையைக் கூட்ட வேண்டாம்.

ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் போடுபவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சோர்வு, பாதத்தில் மரமரப்பு, மறதி, இவை அதனாலும் வரும். ஊசியோ மாத்திரையோ போட்டால் ஈடுகட்டிவிடலாம். ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். சில வைரஸ்களுக்குப் பிறகு தைராய்டு சுரப்பி வீங்கிக் கொஞ்ச காலம் தடுமாறும். இருமல் திரும்பி வந்து இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் தெரிந்தாலோ காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இன்சுலின், பள்ளிக்கூடம்

இன்சுலின் என்ற சொல்லை நீங்கள் தண்டனை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இப்போதைய எண்களுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரவுப் பாலையும் காலை உணவையும் சரிசெய்து, மாத்திரையைச் சீராக்கினால் போதுமாக இருக்கலாம். ஒருவேளை உங்கள் மருத்துவர் சில வாரத்துக்கு இன்சுலின் எழுதினால், ஆயுளுக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொற்றுக் காலத்தில் போட்டுவிட்டு மாத்திரைக்குத் திரும்பியவர்கள் ஏராளம்.

பள்ளிக்கு இன்னும் ஒரு மாதம் முழு விடுப்பு எடுப்பதைவிட, இரண்டு வாரம் கழித்து அரை நாளாகத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அதற்குள் இதயப் பரிசோதனையும் மாத்திரை மாற்றமும் முடிந்திருக்க வேண்டும். 'உடல்நிலை சரியில்லை' என்று பொதுவாக எழுதிய சான்றிதழால் பெரிய பயன் இல்லை. இத்தனை நாளைக்கு அரை நாள் வேலை, உட்கார்ந்து வகுப்பெடுக்க அனுமதி, மாடி வகுப்பு வேண்டாம், முற்பகலில் சிற்றுண்டிக்கு இடைவேளை என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு 64 வந்ததே முற்பகலில்தான். வகுப்பில் நிற்கும்போது வந்தால் யார் பார்ப்பார்கள்? சக ஆசிரியர் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். பையில் நான்கைந்து சர்க்கரைக் கட்டி இருக்கட்டும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

சுகர் 300-க்கு மேலேயே நிற்பது, வாந்தியோடு வயிற்றுவலி, ஆழமாக மூச்சு வாங்குவது, நெஞ்சில் அழுத்தம், படபடப்போடு மயக்கம், குழப்பமான பேச்சு. இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. 70-க்குக் கீழே இன்னொரு முறை இறங்கினால் அன்றே உங்கள் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

மறுபடி காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கில் தண்ணீர்ச் சத்து குறையும்போது மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். பெயர் ஃப்ளோசின் என்று முடியும் மாத்திரை போடுபவர்களுக்கும் அப்படித்தான். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் சாப்பிடவில்லை என்று தாங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்வரை நோட்டில் குறியுங்கள்: காலை வெறும் வயிற்றில், முற்பகலில் அந்த நடுக்கம் வந்த நேரத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, ஆக நாளைக்கு மூன்று எண்கள். பக்கத்திலேயே அன்று எவ்வளவு நடந்தீர்கள், மறுநாள் சோர்வு பத்துக்கு எவ்வளவு என்றும். அந்த ஒரு பக்கத்தையும் சத்துபான டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.